குமாரசுவாமி என்னும் பெயர் பரம்பரைப் பெயரான வரலாறு

முருகப்பெருமானின் திருநாமங்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டுதல் நம்மவர் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வரும் வழக்கமாகும். அர்ச்சனைக்காகப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி நிற்கும் அடியார் வரிசையில், வயது சென்றவர்கள் சொல்லும் பெயர்களைச் சற்று நேரம் நின்று கேட்டால் இது விளங்கும். கந்தையா, கந்தசாமி, ஆறுமுகம், சண்முகம், கார்த்திகேசு, முருகேசு, சரவணமுத்து, வேலுப்பிள்ளை, கதிரவேலு, கதிர்காமு, சுப்பிரமணியம் என்று அந்த வரிசை நீளும். குமாரசாமி என்பதும் அவற்றுள் ஒன்று. ஒரே ஊரில் நாலைந்து குமாரசாமிகள் வாழ்ந்த காலம் உண்டு. அவர்களைப் பிரித்தறியக் கிணற்றடிக் குமாரசாமியர், கடைக் குமாரசாமி, வாத்தியார் குமாரசாமி என்றெல்லாம் அடைமொழி வைத்து அழைத்தார்கள்.

இவ்வளவு சாதாரணமான இப்பெயர், தந்தைக்கும் மகனுக்கும் மகனுடைய மகனுக்கும் மாறாமல் தொடர்ந்து வரும் பரம்பரைப் பெயராக அமைந்தது மிக அரிது. அப்படி அமைந்த குடும்பம் ஒன்றின் பெயர் உலகின் பெரிய நூலகங்கள் எல்லாவற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நோக்குவது, இன்று வெளிநாடுகளில் நம் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேர்வதை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

முதலிற் பெயரின் பொருளைப் பார்ப்போம். 'குமாரன்' என்னும் வடசொல்லுக்கு இளையவன், மகன் என்பன பொருள். 'சுவாமி' என்பது உடையவர், தலைவர் என்னும் பொருளது. சிவகுமாரனாகிய தலைவன், என்றும் இளையோனாகிய தலைவன் என இரு வகையிலும் பொருள் கொள்ளலாம். கு என்றால் அறியாமை, மாரன் என்றால் அதை அழிப்பவன் என்று சொற்பொழிவாளர் சிலர் விரித்துரைப்பதுண்டு. அது கேட்பதற்கு இனிமையான விளக்கமே தவிர, சொல்லின் பிறப்பு அன்று. காளிதாசர் முருகனின் அவதாரத்துக்குக் காரணமான கதையைப் பாடிய காவியத்துக்குக் குமாரசம்பவம் என்று பெயர். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய காஞ்சிபுரத் தலத்துக்குக் குமரகோட்டம் என்று பெயர். அந்தக் கந்தபுராணத்தை ஆலயந்தோறும் படித்துப் பயன் சொல்லிய யாழ்ப்பாணத்திலே குமாரசாமி என்ற பெயர் பெருகியதில் வியப்பில்லை. ஏட்டில் எழுதும்போது குமாரசுவாமி, வீட்டில் அழைக்கும்போது குமாரசாமி. இரண்டும் ஒன்றே.

நம்மவரின் பெயரிடும் முறையில் பரம்பரைப் பெயருக்கு இடமில்லை. பிள்ளைக்கு ஒரு பெயர். அதற்கு முன்னே தந்தையின் பெயர். அடுத்த தலைமுறையில் தந்தையின் பெயர் விலகிவிடும், பிள்ளையின் பெயர் முன்னே வரும். கந்தையாவின் மகன் கந்தையா குமாரசாமி என்றால், அவருடைய மகன் குமாரசாமி சிவபாலன். கந்தையா என்ற பெயர் அங்கே இல்லை. சிங்கள மக்களிடம் 'கே' என்று முடியும் வாசகமப் பெயர் தலைமுறை தலைமுறையாக முன்னே வருவது போன்ற வழக்கம் நம்மிடம் இல்லை.

ஆனால் விலகிப் போன பெயர் முற்றாக அழிந்து போவதில்லை. பேரப்பிள்ளைக்கு அதைச் சூட்டுவார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் தந்தையின் தந்தையையும் பேரன் என்கிறோம், மகனின் மகனையும் பேரன் என்கிறோம். இருவரும் ஒரே பெயரைப் பங்கிட்டுக் கொள்பவர்கள் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆகவே பெயர் ஓரிடத்தில் நில்லாமல் ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறையில் தோன்றும். ஒரே பெயர் அசையாமல் நிற்பது மேல்நாட்டார் முறை. இந்த இரு முறைகளும் சந்தித்த இடத்திலேதான் குமாரசுவாமி பரம்பரைப் பெயராயிற்று.

கெருடாவிலைச் சேர்ந்த ஆறுமுகம்பிள்ளை என்பவருக்கு 1783ஆம் ஆண்டு பிறந்த மகனுக்குக் குமாரசுவாமி என்று பெயரிட்டார்கள். தகப்பன் பெயரும் முருகன் பெயர், மகன் பெயரும் முருகன் பெயர். இவர் கொழும்பிலே ஆங்கில அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக உயர்ந்தார். 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்ட பின் அதில் இடம்பெற்ற முதலாவது தமிழ்ப் பிரதிநிதியும் இவரே. 1836இல் காலமானார்.

குமாரசுவாமி முதலியாரின் மகன் 1834இல் பிறந்தவர். அவரை முத்துக் குமாரசுவாமி என்று நாம் அறிவோம். தமிழ்க் காதுக்கு முத்துக்குமாரசுவாமி என்பது ஒரே பெயர். வைத்தீசுவரன் கோயிலிலே எழுந்தருளியிருக்கும் முருகனுக்கு அதுவே திருநாமம். குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடியதும் அந்த முத்துக்குமாரசுவாமி மீதே. ஆங்கிலேயரின் காதுக்கோ அது இரண்டு பெயர்: முத்து என்பது அவருடைய சொந்தப் பெயர், குமாரசுவாமி என்பது குடும்பப் பெயர். தகப்பனாரின் பெயரும் குமாரசுவாமியாக இருந்தமையால் அவர்கள் அப்படி எண்ணியதிற் பிழை சொல்ல முடியாது. ஒரு பெயரை நடுவே பிளந்தால் ஒரு பாதி பிள்ளைக்கும் மறு பாதி பரம்பரைக்கும் உரியதாகி விடுகின்றது.

முத்துக் குமாரசுவாமி இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அந்நாட்டில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது அவரிலிருந்தே தொடங்குகிறது. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் இலண்டனில் வெளியிட்டார். 1874இல் சேர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பாளி மொழியிலிருந்து சுத்த நிபாதம் என்னும் பௌத்த நூலின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். சைவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பௌத்த நூல்களை ஆங்கிலேயருக்கு அறிமுகம் செய்தார் என்பது இன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அந்த நூலின் முகப்பில் அவர் பெயர் 'சேர் எம். குமாரசுவாமி' என்ற அமைப்பில் அச்சிடப்பட்டது. முத்து என்பது ஒரே எழுத்தாகச் சுருங்கிவிட்டது. நம் முறையில் தகப்பன் பெயர்தான் முதலெழுத்தாகும். இங்கே பிள்ளையின் பெயர் முதலெழுத்தாகி, தகப்பன் பெயர் முழுமையாக நிற்கிறது.

அவர் எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1877 ஆவணி 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்த ஒரே மகனுக்கு ஆனந்த கென்ட்டிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டனர். கென்ட்டிஷ் என்பது தாயாரின் ஊர்ப்பக்கமாகிய கென்ட் என்னும் மாவட்டத்தைக் குறிப்பது. தாயும் குழந்தையும் இங்கிலாந்துக்கு முன்னே சென்றிருக்க, பின்னே செல்லவிருந்த தந்தையார் 1879 மே 4ஆம் திகதி கொழும்பிற் காலமானார். பிள்ளைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தகப்பனின் முகம் நினைவில் நில்லாத வயதிலே, தகப்பனிடமிருந்து கிடைத்த உடைமையாக அந்தப் பெயர் மட்டும் கூடச் சென்றது.

ஊரிலே வளர்ந்திருந்தால் அவர் முத்துக்குமாரசுவாமி ஆனந்தன் என்றோ, மு. ஆனந்தகுமாரசுவாமி என்றோ வழங்கப்பட்டிருப்பார். இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்திலோ அவர் குமாரசுவாமி. ஆசிரியர்கள் அங்கே பிள்ளைகளைக் குடும்பப் பெயராலேயே அழைத்தனர். இலண்டன் பல்கலைக்கழகத்திலே புவிச்சரிதவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணிலே கைவினைஞரின் வறுமையும் அவர்தம் கலையின் அருமையும் பட்டன. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1912இல் நடராசப் பெருமானின் திருநடனம் பற்றி அவர் எழுதிய கட்டுரை சித்தாந்த தீபிகை என்னும் சைவ ஏட்டில் வெளிவந்தது. அது பின்னர் 1918இல் சிவ நடனம் என்ற தலைப்புடைய நூலிலும் சேர்ந்தது. ஆனந்த தாண்டவத்தின் உட்பொருளை மேல்நாட்டார் அறிந்தது பெரும்பாலும் இந்தக் கட்டுரையால் எனலாம். 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் இணைந்து, 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி மறையும் வரை அங்கேயே பணியாற்றினார்.

அவருடைய மகன் இராமா 1929இற் பிறந்து, அமெரிக்காவிலே மருத்துவராக விளங்கி, 2006இற் காலமானார். அவருடைய முழுப்பெயர் இராமா பொன்னம்பலம் குமாரசுவாமி. 1783இல் ஆறுமுகம்பிள்ளை தன் மகனுக்கு வைத்த பெயர், நாலாந் தலைமுறையில் அமெரிக்காவில் அப்படியே நின்றது. ஆறுமுகம்பிள்ளையின் பெயர் நிற்கவில்லை. முத்துவின் பெயரும் நிற்கவில்லை.

நடுவே உள்ள பொன்னம்பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இக்குடும்பத்தின் மறு கிளையைப் பார்க்க வேண்டும். குமாரசுவாமி முதலியாரின் மகள் செல்லாச்சி அம்மையார். அவரை மணந்தவர் அருணாசலம் பொன்னம்பல முதலியார். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கட்டியவர். இவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். 1849இற் பிறந்த மூத்தவருக்குத் தாய்வழிப் பேரனின் பெயராகிய குமாரசுவாமி. 1853இற் பிறந்த இளையவருக்குத் தந்தைவழிப் பேரனின் பெயராகிய அருணாசலம். நடுவே 1851இற் பிறந்தவர் இராமநாதன். நாம் சேர் பொன். இராமநாதன், சேர் பொன். அருணாசலம் என்று சொல்லும்போது அந்தப் 'பொன்.' என்பது தகப்பனார் பொன்னம்பலத்தைக் குறிக்கும் முதலெழுத்து என்பதை இளையவர் பலர் அறியார். பொன் என்பது ஏதோ பட்டம் என்று நினைப்பவரும் உளர்.

இந்தக் கிளை ஊர் முறையை விடவில்லை. பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. 1940களில் உள்நாட்டு அமைச்சராக இருந்தவர் அவரே. அங்கே பொன்னம்பலம் என்ற பெயர் முறைப்படி விலகிக் கொண்டது. ஒரே பேரனின் மகன்வழியில் குமாரசுவாமி என்ற பெயர் அசையாமல் நின்றது. மகள்வழியில் அது பேரப்பிள்ளைக்கு இட்ட பெயராகத் திரும்பி வந்தது. மச்சான்மாராகிய ஆனந்த குமாரசுவாமியையும் இராமநாதனையும் பெயரைக் கொண்டு உறவினர் என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த நிலத்திலே 1974இல் எழுந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், மாணவர் விடுதி ஒன்றுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. பிரிந்த கிளைகள் அங்கே ஒன்றாயின.

சேர் பொன். அருணாசலம் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு பழகிய எந்த அரசாங்க இலிகிதருக்கும் இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். இலங்கையில் நீண்ட காலம் வழங்கி வந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயருக்கு ஒரு கூடு, தந்தையின் முழுப்பெயருக்கு ஒரு கூடு, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்பவற்றுக்கு ஒரு கூடு. குடும்பப் பெயருக்கென்று கூடு இல்லை. மூன்று தலைமுறையின் பெயரும் ஒரே தாளில் அடங்கி விடுகின்றது. நம் முறைக்கு இதைவிடப் பொருத்தமான படிவம் அமைவது கடினம். யுத்த காலத்து இடப்பெயர்வுகளில் அந்தத் தாளைத் தொலைத்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

இப்பெயரின் பரவலையும் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதிய சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பெயரைச் சைவ உலகம் நன்கறியும். அங்கே 'அ.' என்பது தகப்பனார் அம்பலவாணர்பிள்ளை. கன்னடர், தெலுங்கரிடையும் இப்பெயர் உண்டு. கர்நாடக மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த எச். டி. குமாரசுவாமிக்கு அது இட்ட பெயரே, 'டி.' என்பது தகப்பனார் தேவகௌடா. பூண்டி குமாரசுவாமி என்ற இந்திய நீரியல் அறிஞர் 1980இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை ஒன்றைப் புள்ளிவிபரவியல் படிப்போர் உலகெங்கும் குமாரசுவாமிப் பரம்பல் என்றே அழைக்கின்றனர். முருகன் பெயர் கணிதத்திலும் ஏறிவிட்டது.

ஆங்கில எழுத்தில் இப்பெயருக்கு ஒரு வழி இல்லை. ஆனந்த குமாரசுவாமியின் குடும்பம் 'சீ' எழுத்தில் தொடங்கி இரண்டு 'ஓ' இட்டு எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் நம் பெயர்களை எழுதிய பாங்கு அது. பிற்காலத்தவர் 'கே' எழுத்தையும் 'யூ' எழுத்தையும் கொண்டு எழுதினர். மலேசியர் சிலர் 'சீ', 'யூ' என்று தொடங்குவர். 1994 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர்களாக ஒரே காலத்தில் இரு குமாரசுவாமிகள் இருந்தனர். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி ஆராய்ந்தவர் இலங்கையரான ராதிகா குமாரசுவாமி. நீதிபதிகளின் சுதந்திரம் பற்றி ஆராய்ந்தவர் மலேசியரான பரம் குமாரசுவாமி. தமிழில் எழுதினால் ஒரே பெயர்; ஆங்கிலத்தில் ஓர் 'ஓ'வும் 'யூ'வும் அவர்களைப் பிரித்து வைத்தன.

இன்று பிறக்கும் குழந்தைக்குக் குமாரசாமி என்று பெயர் வைப்பவர் ஊரிலே அருமை. எண்சாத்திரம் பார்த்து, வாயில் நுழையாத புதுப்பெயர்களைத் தேடும் காலம் இது. ஆனால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இப்பெயர் குறையவில்லை. அங்கே அது பேரப்பிள்ளைகளின் கடைசிப் பெயராகி விட்டது. ஆனந்த குமாரசுவாமிக்கு 1879இல் நடந்தது, 1983க்குப் பின் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்திருக்கிறது. கடவுச்சீட்டிலும் அகதி விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர் என்ற கூடு எதிர்ப்பட்டது. அதில் எதை எழுதுவது என்று தெரியாமல் ஒருவர் தகப்பன் பெயரை எழுதினார், இன்னொருவர் தன் பெயரையே எழுதினார். அன்று அவசரத்தில் எழுதியது பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓர் உதாரணம். கந்தையா குமாரசாமி என்பவருக்குச் சிவபாலன், சிவநேசன் என இரு மக்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் கனடாவுக்குச் சென்று தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுக்கிறார். அவர் மகள் அபிராமி குமாரசாமி. இளையவர் ஜேர்மனியிலே தன் பெயரைக் கொடுக்கிறார். அவர் மகன் கபிலன் சிவநேசன். இப்பிள்ளைகள் பெரியப்பா, சித்தப்பா மக்கள். நம் முறையில் உடன்பிறப்புக்குச் சமமானவர்கள். பெயரைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் எவ்வித தொடர்பும் தெரியாது. மறுபக்கத்தில், எவ்வித உறவும் இல்லாத இன்னொரு குமாரசாமியின் பேரனை அபிராமிக்குச் சொந்தம் என்று வெள்ளைக்காரர் நினைப்பார்கள். இன்று தாய் தகப்பன் இருக்கிறார்கள், விளக்கிச் சொல்வார்கள். இன்னும் இரண்டு தலைமுறை சென்ற பின், கலியாணம் பேசும் வேளையில் முறை தெரியாமல் இடர்ப்படுவது அந்தப் பிள்ளைகளே. தகப்பன் பெயரைக் கொடுத்தவர் செய்ததும் தன் பெயரைக் கொடுத்தவர் செய்ததும் பிழையன்று. ஆனால் எதற்காக எதைக் கொடுத்தோம் என்பதைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்காமல் விடுவது பிழையே.

நம்மிடம் பரம்பரைப் பெயர் அறவே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மகோற்சவ விஞ்ஞாபனத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாந் திருவிழா, அமரர் க. குமாரசாமி குடும்பத்தினர் என்று இருக்கும். அந்தக் குமாரசாமியர் இறைவனடி சேர்ந்து எத்தனையோ வருடங்கள் சென்றிருக்கும்; பேரப்பிள்ளைகள் இலண்டனிலிருந்து பணம் அனுப்புவார்கள்; அவர்களின் பெயர்கள் வேறு வேறாக இருக்கும். உபயம் மட்டும் அவர் பெயரிலேயே நடக்கும். அந்தக் 'க.' கந்தையாவா, கணபதிப்பிள்ளையா, கதிர்காமரா என்று சொல்லக்கூடியவர்கள் ஊரிலே இன்னும் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். உபயகாரர்கள் இம்முறை திருவிழாவுக்கு வரும்போது அவர்களிடம் கேட்டு, உபயப் புத்தகத்தில் முதலெழுத்தாக அன்றி முழுப்பெயராகவே எழுதுவித்துச் செல்லலாம்.